பாஷாணம் குணமாக்கிய புற்றுநோய்

ரத்தப் புற்றுநோய்களில் மிகக் கொடியது எது என்று 1957இல் கேட்டிருந்தால் நார்வே மருத்துவர் ஹில்லெஸ்டாட் தயங்காமல் பதில் சொல்லியிருப்பார். அந்த ஆண்டு அவர் மூன்று நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மூவருக்கும் நோய் மின்னல் வேகத்தில் முற்றியது. வாரக் கணக்கில்தான் உயிரோடிருந்தார்கள். உடம்பில் ரத்தம் உறையும் ஏற்பாடே குலைந்து போயிருந்தது. இந்த நோய் வந்தவருக்கு ஈறில் ரத்தம் கசியும், தோலில் கன்றும், ஒருநாள் மூளைக்குள் கசியும். அதோடு முடிந்துவிடும். நுண்ணோக்கியில் பார்த்தால் முதிர்ச்சியின் பாதி வழியில் நின்றுபோன வெள்ளணுக்கள் கூட்டம் கூட்டமாகத் தெரியும்.

இன்று அதே நோய்தான் தன் குடும்பத்திலேயே மிக எளிதாகக் குணமாவது. குணமாக்குபவை இரண்டு மருந்துகள். ஒன்று வைட்டமின் ஏயிலிருந்து வந்தது. மற்றது வெள்ளைப் பாஷாணம். முடி கொட்டும், வாந்தி வரும் என்று நாம் பயப்படுகிற கீமோதெரபி இந்த நோயாளிகளில் பெரும்பாலானவர்களுக்குத் தேவையே இல்லாமல் போய்விட்டது. இது எப்படி நேர்ந்தது, அந்தக் குடும்பத்தின் மற்ற நோய்களுக்கு ஏன் இன்னும் நேரவில்லை என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப் போகிறோம்.

முதலில் குடும்பத்தைத் தெரிந்துகொள்வோம். நம் எலும்பு மஜ்ஜையில் நாள்தோறும் பல ஆயிரம் கோடி ரத்த அணுக்கள் பிறக்கின்றன. எல்லாவற்றுக்கும் மூலம் குருத்தணுக்கள். குருத்தணு பிரிகிறது; பிரிந்தது படிப்படியாக முதிர்ந்து சிவப்பணுவாகவோ, தட்டணுவாகவோ, கிருமியை விழுங்கும் வெள்ளணுவாகவோ ஆகிறது. மஜ்ஜையில் நடக்கும் இந்த உற்பத்திக் கிளைக்கு மைலாய்டு என்று பெயர். சில சமயம் மூலத்தில் இருக்கும் ஓர் அணுவில் மரபணுக்கள் கெட்டுப்போகின்றன. அது பிரிவதை விடுவதில்லை, முதிர்வதை மட்டும் விட்டுவிடுகிறது. பிடுங்கி நடப்படாமல் நாற்றங்காலிலேயே நெருக்கியடித்து நிற்கும் நாற்றுகளைப் போல இளம் அணுக்கள் மஜ்ஜையை அடைத்துக்கொள்கின்றன. நல்ல அணு பிறக்க இடமில்லை. ஹீமோகுளோபின் இறங்கி மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பிளேட்லெட் என்கிற தட்டணு சரிந்து ரத்தம் கசிகிறது. ரத்தப் பரிசோதனைத் தாளில் வெள்ளணு எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டியிருக்கலாம், ஆனால் காய்ச்சலைத் தடுக்க அவற்றில் உருப்படியானது ஒன்றும் இல்லை. மாதக் கணக்கில்கூட அல்ல, வாரக் கணக்கில் இவ்வளவும் நடக்கும். தீவிர மைலாய்டு ரத்தப் புற்றுநோய் என்பது இதைத்தான். மருத்துவமனை வராந்தாக்களில் இதன் பெயர் ஏ.எம்.எல்.

ஹில்லெஸ்டாட் பார்த்தது அதில் ஒரு வகை. ஏ.எம்.எல். நோயாளிகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அது வரும். புரோமைலோசைட் என்ற படியில் அணுக்கள் நின்றுவிடுவதால் அதை ஏ.பி.எல். என்கிறார்கள்.

1985இல் ஷாங்காயில் ஏ.பி.எல். நோயோடு ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி சாகக் கிடந்தாள். கீமோதெரபிக்கு நோய் மசியவில்லை. ரூய்ஜின் மருத்துவமனையில் இருந்த வாங் சென்யிக்கு அப்போது அறுபது வயதைத் தாண்டிவிட்டது. அவர் சில ஆண்டுகளாக வேறொரு யோசனையின் பின்னால் போய்க்கொண்டிருந்தார். கெட்ட அணுவைக் கொல்லாமல், அதை முதிர வைத்துவிட்டால் என்ன? முதிர்ந்த வெள்ளணுவுக்கு ஆயுள் குறைவு. தன் காலம் முடிந்ததும் தானே சாகும். இது அவருடைய சொந்த யோசனை மட்டும் அல்ல. இஸ்ரேலைச் சேர்ந்த லியோ சாக்ஸ், ரத்தப் புற்றணுக்களை முதிர வைக்க முடியும் என்று ஆய்வுக்கூடத்தில் காட்டியிருந்தார். வைட்டமின் ஏயிலிருந்து வரும் ரெட்டினாயிக் அமிலம் அதைச் செய்கிறது என்று அமெரிக்கர்கள் கண்டிருந்தார்கள். மேற்கே சிலர் அந்த அமிலத்தின் ஒரு வடிவத்தை நோயாளிகளுக்குக் கொடுத்தும் பார்த்தார்கள், பலன் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. வாங்குக்கு உள்ளூரில் கிடைத்தது அதன் இன்னொரு வடிவம், ஆல்-டிரான்ஸ் ரெட்டினாயிக் அமிலம். மூலக்கூறின் அணுக்கள் அதே அணுக்கள், அவை கோத்திருக்கும் கோணம் மட்டும் வேறு. சுருக்கமாக அட்ரா. விழுங்கும் மாத்திரை.

அதை விழுங்கிய சிறுமி பிழைத்துக்கொண்டாள். 1988இல் வாங் குழுவினர் 24 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார்கள். 24 பேருக்கும் நோய் தணிந்திருந்தது. படித்த பலர் முதலில் நம்பவில்லை. பாரிசில் இருந்து வந்து கைகோத்த பிரெஞ்சு மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளிடமும் அதே விளைவைப் பார்த்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. வாங் இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. புற்றுநோய் மருந்துகளின் வரலாற்றில் மிக மலிவான வெற்றிகளில் ஒன்றாக அட்ரா ஆனதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் மாத்திரையை மட்டும் நம்பியவர்களுக்குச் சில மாதங்களில் நோய் திரும்பி வந்தது. கூடவே கீமோதெரபியும் கொடுத்தால் பெரும்பான்மையோர் தப்பித்தார்கள். கதை அங்கேயே நின்றிருந்தாலும் பெரிய சாதனைதான்.

நிற்கவில்லை. காரணம் ஷாங்காய்க்கு வெகு வடக்கே, பனி உறையும் ஹார்பின் நகரத்தில் இருந்தது. 1970களின் தொடக்கத்தில் ஹெய்லுங்ஜியாங் மாநிலத்துக் கிராமம் ஒன்றில் நாட்டு வைத்தியர் ஒருவரின் மருந்து புற்றுநோயைப் போக்குவதாகப் பேச்சு எழுந்தது. பாஷாணம், பாதரசத்திலிருந்து செய்த உப்பு, தேரையின் விஷம் மூன்றும் சேர்ந்த கலவை அது. ஹான் தாய்யுன் என்ற மருந்தாளர் அதை ஊசி மருந்தாக மாற்றினார். ஹார்பின் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் சாங் திங்டோங் அதை ரத்தப் புற்றுநோய்க்காரர்களுக்குப் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு பொருளாக நீக்கிப் பார்த்தபோது வேலை செய்வது பாஷாணம் மட்டுமே என்று தெரிந்தது. எந்த வகை நோய்க்கு அது நன்றாக வேலை செய்கிறது என்பதும் மெல்ல மெல்லத் தெரிந்தது: ஏ.பி.எல். சாங் எழுதியவை சீன மொழிச் சஞ்சிகைகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தன. 1990களின் நடுவில் ஷாங்காய்க்காரர்கள் கைகொடுத்து ஆங்கிலத்தில் எழுதிய பிறகுதான் வெளியே வந்தன. 2000இல் அமெரிக்கா இந்த மருந்தை அனுமதித்தது. சாங்குக்கும் வாங்குக்கும் சேர்த்து சீனாவின் எதிர்கால அறிவியல் பரிசு கிடைத்தது 2020இல்.

பாஷாணம் என்றதும் நமக்குப் பழனி நினைவுக்கு வரும். சித்த மருத்துவம் 64 பாஷாணங்களைக் கணக்குச் சொல்கிறது; ஆர்சனிக் உள்ள வெள்ளைப் பாஷாணம், அரிதாரம், மனோசிலை மூன்றும் நாட்டு மருந்துக்கடைக்காரருக்குத் தெரிந்த பெயர்கள். ஐரோப்பாவுக்கும் இது புதிதல்ல. 1786இல் தாமஸ் ஃபவுலர் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஆர்சனிக் கரைசல் ஒன்றைக் காய்ச்சலுக்குப் பரிந்துரைத்தார். அடுத்த நூற்றாண்டில் அது ரத்தப் புற்றுநோய்க்கும் போயிற்று, பிறகு நச்சுத்தன்மைக்குப் பயந்து கைவிடப்பட்டது. ஆகவே இந்தக் கதையைப் பழைய வைத்தியத்தின் வெற்றி என்று கொண்டாடிவிட ஆசையாக இருக்கும். எனக்கு அதில் பாதி சம்மதம்தான். கிராமத்து மருந்து வழி காட்டியது உண்மை. எந்தப் பொருள், எவ்வளவு, எந்த நோய்க்கு என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்தது ஹார்பின் மருத்துவமனை வார்டில். அந்த மூன்றும் தெரியாமல் விழுங்கினால் அது வெறும் விஷம். வங்காளத்துக் கிணறுகளில் ஊறும் இதே ஆர்சனிக்தான் லட்சக்கணக்கானோரின் தோலைக் கெடுத்துப் புற்றுநோயையும் தருகிறது.

எப்படி வேலை செய்கிறது என்பது பின்னால்தான் தெரிய வந்தது. 1977இல் சிகாகோவில் ஜேனட் ரவுலி ஏ.பி.எல். அணுக்களின் குரோமோசோம்களைப் பார்த்து, 15ஆம் குரோமோசோமும் 17ஆம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொண்டிருப்பதைக் கண்டார். 1990ஐ ஒட்டி அந்த ஒட்டுத் தையலின் இரு பக்கமும் எந்த மரபணுக்கள் என்று தெரிந்தது. 15இல் இருந்து வந்தது பி.எம்.எல். 17இல் இருந்து வந்தது, நம்பினால் நம்புங்கள், ரெட்டினாயிக் அமிலத்தை ஏற்கும் ஏற்பியின் மரபணு. வாங் சென்யி அந்த மாத்திரையைச் சிறுமிக்குக் கொடுத்தபோது இது யாருக்கும் தெரியாது.

இயல்பான ஏற்பி, அமிலம் வந்து தொட்டதும் முதிர்வுக்கான மரபணுக்களைத் திறந்துவிடும். ஒட்டிப்போன புரதமோ அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டு எழுந்திருப்பதில்லை. அட்ரா மிகுந்த அளவில் வந்து அதை எழுப்பிவிடுகிறது, அணு முதிர்கிறது. பாஷாணம் மறுமுனையைப் பிடிக்கிறது: பி.எம்.எல். பகுதியில் இருக்கும் கந்தகத்தோடு நேரடியாக ஒட்டிக்கொள்கிறது. உடனே அணு தன் சொந்தக் குப்பை அகற்றும் எந்திரத்தை ஏவி அந்தப் புரதத்தையே உடைத்துப் போடுகிறது. இரண்டும் ஒரே புரதத்தை இரு முனைகளில் தாக்குகின்றன. அந்த ஒரு புரதம் போனால் நோய்க்கு வேறு கால் இல்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்திருங்கள்.

இங்கேதான் வேலூர் வருகிறது. 1998 ஜனவரியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ரத்தவியல் துறையில் மாம்மன் சாண்டி, விக்ரம் மாத்யூஸ் ஆகியோரின் குழு, புதிதாக ஏ.பி.எல். கண்டறியப்பட்டவர்களுக்குப் பாஷாண ஊசியை மட்டும் முதல் மருந்தாகக் கொடுக்கத் தொடங்கியது. மேல்நாடுகளில் அப்போது இதை நோய் திரும்பியவர்களுக்கு மட்டும், கடைசிக் கையிருப்பாக வைத்திருந்தார்கள். வேலூர்க்காரர்களைத் துணிய வைத்தது விலை. அட்ராவும் கீமோதெரபியும், அதற்குப் பின்னால் வரும் காய்ச்சலும், ஆன்டிபயாட்டிக்கும், ரத்தம் ஏற்றுவதும் சேர்ந்தால் வந்தவர்களில் பலருக்குக் கட்டுப்படியாகாது. பாஷாணம் என்றால் நாள்தோறும் ஒரு ஊசி, நோய் தணியும் வரை. ஒரு மாத இடைவெளி. மறுபடி ஒரு மாதம். அதன்பின் ஆறு மாதங்களுக்கு மாதம் பத்து நாள். முதல் சுற்று முடிந்தால் மீதியை வெளிநோயாளியாக வந்து போட்டுக்கொண்டு போகலாம்.

2006இல் 72 பேரின் முடிவு வெளிவந்தது. 86 சதவீதத்தினருக்கு நோய் முழுமையாகத் தணிந்தது. ஐந்து ஆண்டுக் கணக்கு எடுத்தபோதும் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் உயிருடன் இருந்தார்கள். வழக்கமான கீமோதெரபி இல்லை, அட்ராவும் இல்லை. பணக்கார நாடுகளில் இப்படி ஓர் ஆய்வு நடந்திருக்க வாய்ப்பே இல்லை. இருக்கிற நல்ல சிகிச்சையை நிறுத்திவிட்டு ஒற்றை மருந்தைச் சோதிக்க எந்த நெறிமுறைக் குழு அனுமதிக்கும்? ஏழை நோயாளியின் நெருக்கடி, எல்லோருக்கும் தேவையான ஒரு கேள்விக்கு விடை வாங்கித் தந்தது. அந்த விடை பாஷாணம் தனியாகவே குணமாக்கும் என்பது.

2013இல் இத்தாலியர்களும் ஜெர்மானியர்களும் பிரான்செஸ்கோ லோ-கோகோ தலைமையில் செய்த ஆய்வு மீதிச் சந்தேகத்தையும் தீர்த்தது. அதிக ஆபத்தில்லாத ஏ.பி.எல். நோயாளிகளில் ஒரு பாதிக்கு அட்ராவும் பாஷாணமும், மறு பாதிக்கு அட்ராவும் கீமோதெரபியும். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் நோயோ மரணமோ அண்டாமல் இருந்தவர்கள் முதல் குழுவில் 97 சதவீதம், இரண்டாவதில் 86 சதவீதம். அதன்பிறகு உலகெங்கும் பாடப்புத்தகம் மாறிவிட்டது. சீனாவில் இப்போது மனோசிலை சேர்ந்த மாத்திரையையே கொடுத்து, ஊசிக்காக ஆஸ்பத்திரி வர வேண்டியதைக்கூடக் குறைத்திருக்கிறார்கள்.

ஆனாலும் ஏ.பி.எல். இன்றும் கொல்கிறது, அதுவும் ஹில்லெஸ்டாட் பார்த்த அதே விதத்தில். மருத்துவ ஆய்வில் சேர்ந்தவர்களின் கணக்கு அழகாக இருக்கும், ஏனென்றால் ஆய்வில் சேரும் வரை அவர்கள் பிழைத்திருந்தார்கள். ஒரு நாட்டில் இந்த நோய் வந்த எல்லோரையும் எண்ணினால் வேறு கணக்கு வரும். ஸ்வீடனில் அப்படி எண்ணியபோது முதல் 30 நாட்களுக்குள் 29 சதவீதத்தினர் இறந்திருந்தார்கள். ஸ்வீடனில்! மருந்து தோற்கவில்லை, மருந்து போய்ச் சேரவில்லை. அதனால்தான் இன்று விதி கறாராக இருக்கிறது: நுண்ணோக்கியில் சந்தேகம் வந்த அன்றே, மரபணு அறிக்கைக்குக் காத்திராமல் அட்ரா மாத்திரையைக் கொடு, பிளேட்லெட்டை ஏற்று. அறிக்கை வேறாக வந்தால் மாத்திரையை நிறுத்திவிடலாம். ஈறில் ரத்தம் என்று பல் டாக்டரிடம் போகிறவரும், மாதவிடாய் நிற்கவில்லை என்று வருகிற பெண்ணும் அன்றே ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் தப்பிக்கலாம். மாவட்ட ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் ரத்தத் தடவலைக் கண்ணால் பார்க்கத் தெரிந்த ஒருவர் இருப்பது, இந்த நோயைப் பொறுத்தவரை, மரபணு எந்திரத்தைவிடப் பெரிய விஷயம்.

மருந்துக்கும் தன் தொல்லை உண்டு. கோடிக்கணக்கான அணுக்கள் ஒரே நேரத்தில் முதிரும்போது உடம்பு வீங்கும், நுரையீரலில் நீர் கோக்கும், காய்ச்சல் வரும். அறிகுறி தெரிந்ததும் டெக்ஸாமெதசோன் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும். பாஷாணம் இதயத் துடிப்பின் மின்லயத்தையும் குலைக்கும் என்பதால் அடிக்கடி ஈ.சி.ஜி. எடுப்பார்கள்.

ஏ.எம்.எல். வந்த பத்துப் பேரில் மீதி ஒன்பது பேருக்கு வருவோம். ஏ.பி.எல். அல்லாத ஏ.எம்.எல்.லுக்கு 1973 முதல் இன்றுவரை அடிப்படைச் சிகிச்சை ஒன்றுதான். சைடாரபின் ஏழு நாள், டானோரூபிசின் மூன்று நாள். பேச்சு வழக்கில் செவன்-த்ரீ. முதல் மருந்துக்கு முன்னோடி கரீபியக் கடல் பஞ்சு ஒன்றில் கிடைத்த வேதிப்பொருள். இரண்டாவது, இத்தாலியில் ஒரு பழைய கோட்டைக்கு அருகில் அள்ளிய மண்ணில் இருந்த பாக்டீரியா சுரப்பது. கடலும் மண்ணும் கொடுத்த இந்த ஜோடி, பிரிகிற எல்லா அணுக்களையும் வெட்டிச் சாய்க்கிறது. மஜ்ஜை வெறுமையாகிறது. அது மறுபடி துளிர்க்க மூன்று, நான்கு வாரங்கள் ஆகும். அந்த வாரங்களில் நோயாளியின் உடம்பில் காவல் என்று எதுவும் இல்லை. குடலில் சாதாரணமாக வாழும் பாக்டீரியா ரத்தத்தில் இறங்கிவிடும், சுவரில் படிந்த பூஞ்சை நுரையீரலில் முளைக்கும். கடந்து வந்தவர்களில் இளையோருக்குப் பெரும்பாலும் நோய் தணிகிறது. அதில் பலருக்குத் திரும்பி வருகிறது. அமெரிக்காவில் எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால் ஐந்து ஆண்டு தாண்டுவோர் பத்தில் மூன்று பேர்தான்.

ஐம்பது ஆண்டுகளாக ஏன் இதே ஜோடி? ஏ.பி.எல். போல ஒரே காலில் நிற்கும் நோயாக இது இல்லை. உலகில் முதன்முதலாக முழு மரபணுத் தொகுதியும் படிக்கப்பட்ட புற்றுநோய் ஏ.எம்.எல்.தான், 2008இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு பெண்மணியின் அணுக்களை எடுத்துப் படித்தார்கள். 2013இல் 200 நோயாளிகளைப் படித்து முடித்தபோது கிடைத்த சராசரி, ஆளுக்கு 13 மரபணுப் பிழைகள். நுரையீரல் புற்றுநோயில் நூற்றுக்கணக்கில் இருக்கும், அதோடு பார்த்தால் இது சொற்பம். எல்லோரும் உற்சாகமானார்கள். ஆனால் அந்தப் பதின்மூன்றும் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு கூட்டணி. அதோடு, ஒரே நோயாளியின் மஜ்ஜையிலேயே எல்லா அணுக்களும் ஒன்றுபோல இல்லை. முதல் பிழை பல ஆண்டுகளுக்கு முன்பே விழுந்திருக்கும். அதன் மேல் ஒன்று, அதன் மேல் இன்னொன்று என்று கிளை கிளையாகப் பிரிந்த அணுக் குடும்பங்கள் உள்ளே இருக்கும்.

எஃப்.எல்.டி.3 என்ற மரபணுவை எடுத்துக்கொள்வோம். ஏ.எம்.எல். நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது கெட்டிருக்கும், கெட்டால் நோய் வேகமெடுக்கும். அதைத் தடுக்கும் மிடோஸ்டாரின் 2017இல் வந்தது. 717 பேரில் சோதித்தபோது நான்கு ஆண்டு தாண்டியவர்கள் 44 சதவீதத்திலிருந்து 51 சதவீதமாகக் கூடினார்கள். நல்ல முன்னேற்றம்தான், பாஷாணம் அல்ல. இந்தப் பிழை பெரும்பாலும் கடைசியாக விழுவது என்பது ஒரு காரணம். கடைசிக் கிளையை வெட்டினால் அடிமரம் நிற்கிறது, அது வேறு கிளை விடுகிறது. ஐ.டி.ஹெச். மரபணுக்களுக்கான ஐவோசிடெனிப், எனாசிடெனிப் மாத்திரைகள் அட்ராவைப் போலவே அணுவை முதிர வைக்கின்றன. அதே மூச்சுத் திணறல் தொல்லையைக்கூடத் தருகின்றன. அவையும் பெரும்பாலும் மாதங்களைத்தான் கூட்டித் தருகின்றன.

இப்போது எனக்கு ஆர்வம் ஊட்டுவது மெனின் என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்துகள். என்.பி.எம்.1 என்ற மரபணு வயதுவந்த நோயாளிகளில் மூன்றில் ஒருவருக்குக் கெட்டிருக்கும், கே.எம்.டி.2ஏ என்ற மரபணு உடைந்தால் வரும் நோயும் உண்டு, அது கைக்குழந்தைகளையும் விடுவதில்லை. இந்த இரண்டு நோய்களும் அணுவை இளமையிலேயே நிறுத்தி வைக்க மெனினை நம்பியிருக்கின்றன. மெனினைப் பிடித்துக்கொண்டால் அணு முதிரத் தொடங்குகிறது. ஏ.பி.எல். கதைக்கு இவ்வளவு நெருங்கி வந்த மருந்து வேறில்லை. ரெவுமெனிப் 2024இல் அமெரிக்க அனுமதி பெற்றது, ஜிஃப்டோமெனிப் அடுத்த ஆண்டு. சோதனையில் சேர்ந்தவர்கள் முந்தைய சிகிச்சை தோற்றுப்போனவர்கள். அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நல்ல தணிவு கிடைத்தது. புற்றணுவும் சும்மா இருக்கவில்லை: மருந்து ஒட்டும் இடத்திலேயே மெனினின் வடிவத்தை மாற்றிக்கொண்டு நழுவியதையும் ஆய்வாளர்கள் பார்த்துவிட்டார்கள். நோயின் தொடக்கத்திலேயே மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று இப்போது சோதிக்கிறார்கள்.

இன்னொரு பிரபலமான வழியும் இங்கே முட்டுச்சந்தில் நிற்கிறது. கார்-டி சிகிச்சை, அதாவது நோயாளியின் டி அணுக்களையே எடுத்து, புற்றணுவின் அடையாளத்தைக் கற்றுக்கொடுத்துத் திருப்பி விடுவது, பி அணுக்களில் வரும் ரத்தப் புற்றுநோய்களில் அதிசயம் செய்திருக்கிறது. அங்கே நல்ல பி அணுக்களும் சேர்ந்து சாகின்றன. பி அணு இல்லாமல் மனிதர் வாழலாம். மைலாய்டு அணுக்கள் இல்லாமல் வாழ முடியாது. ஏ.எம்.எல். அணுவின் மேல் இருக்கும் சி.டி.33 போன்ற அடையாளங்கள் நல்ல மைலாய்டு அணுக்களிலும் இருக்கின்றன. தானம் வாங்கும் குருத்தணுவிலிருந்து அந்த அடையாளத்தை முன்கூட்டியே வெட்டி எடுத்துவிட்டுப் பிறகு தாக்கலாம் என்று யோசித்து, மனிதர்களிலும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

ஆகவே நோய் திரும்பும் அபாயம் அதிகமாக உள்ளவர்களுக்கு இன்றும் வலுவான ஆயுதம் வேறொருவரின் மஜ்ஜைதான். புது மஜ்ஜையிலிருந்து பிறக்கும் வெள்ளணுக்கள் மிச்சம் ஒளிந்திருக்கும் புற்றணுவை அந்நியனாகப் பார்த்து வேட்டையாடுகின்றன. நோயாளியின் தோலையும் குடலையும்கூடச் சில சமயம் அந்நியனாகப் பார்க்கும். அது தனித் துன்பம். வேலூரில் 1986 முதல் இந்த மாற்று சிகிச்சை நடக்கிறது. உடன்பிறந்தவர் பொருந்தாவிட்டால் முன்பெல்லாம் வழியில்லை. இப்போது பாதிப் பொருத்தம் உள்ள அப்பாவோ அம்மாவோ பிள்ளையோ தரலாம். மாற்று முடிந்த மூன்றாம், நான்காம் நாளில் சைக்ளோபாஸ்பமைடு கொடுத்து, கோபம் கொண்ட டி அணுக்களை மட்டும் அடக்கும் உத்தி அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வளர்ந்தது. ஒன்றோ இரண்டோ பிள்ளைகளோடு நிற்கும் இன்றைய குடும்பங்களுக்கு இது பெரிய கதவு. சென்னையிலிருந்து இயங்கும் தாத்ரி போன்ற தானப் பதிவேடுகளில் பெயர் கொடுக்க கன்னத்தின் உட்புறத்தை ஒரு பஞ்சுக் குச்சியால் துடைத்துக் கொடுத்தால் போதும்.

மேல்நாடுகளில் ஏ.எம்.எல். முதியோர் நோய். அமெரிக்காவில் நோய் கண்டறியப்படும் நடு வயது 68ஐ ஒட்டி இருக்கிறது. எழுபத்தைந்து வயதுக்காரருக்குச் செவன்-த்ரீ கொடுத்தால் நோய்க்கு முன் மருந்தே கொன்றுவிடும். இவர்களுக்காக வந்ததுதான் வெனெடோகிளாக்ஸ். சேதமான அணு தன்னைத் தானே முடித்துக்கொள்வது உடம்பின் இயல்பான ஏற்பாடு, அதை பி.சி.எல்.2 என்ற புரதம் தடுத்துப் பிடிக்கிறது என்று 1988இல் மெல்போர்னில் டேவிட் வாக்ஸ் கண்டுபிடித்தார். அந்தத் தடையை எடுக்கும் மாத்திரை கைக்கு வர ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின. மாதம் ஏழு நாள் போடும் அசாசிடிடின் ஊசியோடு இதைச் சேர்த்து, கடும் கீமோதெரபி தாங்காத 431 பேரில் சோதித்தார்கள். ஊசி மட்டும் போட்டவர்களின் நடு வாழ்நாள் 9.6 மாதம். மாத்திரையும் சேர்த்தவர்களுக்கு 14.7 மாதம். ஐந்து மாதம்தானா என்று கேட்கலாம். ஒரு பேரன் பேத்தி பிறப்பைப் பார்க்க அது போதும். குணம் என்ற சொல்லுக்குப் போதாது. டி.பி.53 என்ற மரபணு கெட்டவர்களுக்கு அந்த ஐந்து மாதமும் நிச்சயம் இல்லை.

இந்தியக் கணக்கு வேறு மாதிரி. 2015இல் வேலூர் மருத்துவர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு எனக்குக் கொஞ்ச நேரம் வேறு எதுவும் படிக்க முடியவில்லை. ஏ.பி.எல். தவிர்த்துப் புதிதாக வந்த ஏ.எம்.எல். நோயாளிகள் 380 பேர். நடு வயது 40. செவன்-த்ரீ எடுத்துக்கொண்டவர்கள் 109 பேர் மட்டுமே. மீதியில் 219 பேருக்குத் தடையாக நின்றது பணம். தொடங்கிய 109 பேரிலும் ஏறக்குறைய நான்கில் ஒருவர் முதல் சுற்றிலேயே இறந்தார். பூஞ்சைத் தொற்று நான்கில் ஒருவருக்கு மேல் வந்தது. பல ஆன்டிபயாட்டிக்குகளுக்கு மசியாத பாக்டீரியாக்களும் ஒரு கை பார்த்தன. மேல்நாட்டுச் சஞ்சிகைகளில் பேசப்படும் பிரச்சினை எந்த மரபணுவுக்கு எந்த மாத்திரை என்பது. இங்கே அதற்கு முன்னால் இருபத்தெட்டு நாள் வாடகை, துணைக்கு ஒருவரின் கூலி இழப்பு, ரத்தம் கொடுக்க ஆள் என்று வரிசை நிற்கிறது. காப்பீட்டுத் திட்டங்கள் கீமோதெரபிக்குப் பணம் தரலாம்; பூஞ்சை மருந்துக்கும் மூன்றாவது வாரத்துத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் அது எவ்வளவு தாங்கும் என்பதில்தான் பலருடைய சிகிச்சை அறுந்து போகிறது.

அதனால்தான் முதியோருக்காக வந்த வெனெடோகிளாக்ஸ் ஜோடியை இந்திய மருத்துவர்கள் இளையோருக்கும் கொடுத்துப் பார்க்கிறார்கள். நோய்த் தொற்றோடு வந்து சேர்பவரும், கடும் சிகிச்சைக்குப் பணம் புரட்ட முடியாதவரும் இதில் முதல் மாதத்தைத் தாண்டிவிட்டால் பிறகு மஜ்ஜை மாற்றுக்குப் போக வழியிருக்கிறது. மாத்திரையின் விலைதான் உதைக்கிறது, அதிலும் ஒரு குறுக்கு வழி உண்டு. பூஞ்சையைத் தடுக்க எப்படியும் கொடுக்க வேண்டிய போசகோனசோல், வெனெடோகிளாக்ஸைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை அடக்கிவிடுகிறது. சிதைவு குறைவதால் நாளுக்கு 400 மில்லிகிராம் கொடுக்க வேண்டிய இடத்தில் 70 மில்லிகிராம் போதும் என்று மருந்தின் சொந்தக் குறிப்பேடே சொல்கிறது. நடைமுறையில் ஒற்றை 100 மில்லிகிராம் மாத்திரையாகக் கொடுப்பார்கள். ஒரு நாளைக்கு வாங்கும் நான்கு மாத்திரையில் மூன்று மிச்சம்.